கொடைக்கானலுக்கு வந்த ஓசோன் கருவியும், ஒளிர்ந்த காலிக் குழியும்

அக்கா மகள் பயோடெக்னாலஜி முதுகலை கடைசி வருஷம். ப்ராஜெக்ட் டேட்டாவை எக்செல் ஃபைலா அனுப்பி, "மாமா, இதுக்கு பைத்தான்ல ஒரு கிராஃப் போட்டுத் தாங்க"ன்னு கேட்டாள். 96 குழி கொண்ட பிளாஸ்டிக் தட்டு. சில குழிகளில் செல்கள், சிலவற்றில் செல்லும் மூலிகைச் சாறும். எல்லாவற்றிலும் டி.சி.எஃப். என்ற சாயம் ஊற்றியிருக்கிறார்கள். செல்லுக்குள் ஃப்ரீ ராடிக்கல் கூடினால் சாயம் பச்சையாக ஒளிரும், மூலிகை அதைக் குறைத்தால் ஒளி குறையும். இதுதான் சோதனை.

நான் வேதியியல் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷத்துக்கு மேலாக கோடு எழுதிப் பிழைப்பவன். டேட்டாவைப் பார்த்ததும் என் கண் போனது கடைசி வரிசைக்கு. அந்தக் குழிகளில் செல்லே இல்லை, வெறும் சாயமும் ஊட்டத் திரவமும்தான். ஆனாலும் நேரம் போகப் போக அதுவும் ஒளிர்ந்துகொண்டே போகிறது!

"ஏம்மா, செல்லே இல்லாத குழி எப்படி ஒளிருது?"

"அது பேக்ரவுண்ட் மாமா. கழிச்சிடலாம்னு லேப்ல சொன்னாங்க."

கழிச்சிடலாம். சரிதான். ஆனால் எதைக் கழிக்கிறோம் என்று தெரியாமல் கழிப்பது எனக்கு ஒத்துக்கொள்ளாத விஷயம். வேலையில் பட்ட அடி அப்படி. ஒருமுறை ஒரு பிழையைப் பிடிக்க லாக் வரி சேர்த்தோம், பிழை காணாமல் போச்சு. லாக் வரியை எடுத்தால் திரும்ப வந்தது. அளக்கப் போட்ட கருவியே அளவை மாற்றிவிட்டது. மூன்று நாள் தூக்கம் போனது.

அந்தக் காலிக் குழியைத் துரத்திக்கொண்டு போனதில் 1840கள் வரைக்கும் போய், நடுவில் நம்ம கொடைக்கானலில் வந்து நின்றேன். ஆக்சிஜனின் துடுக்கான வடிவங்களை எப்படிப் பிடிப்பது, பிடித்தது அதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்விக்குக் கிட்டத்தட்ட 180 வருஷ வரலாறு இருக்கிறது. அதன் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

கஞ்சித் தாள்

மின்பொறி பறக்கும் இடத்தில் ஒரு தனி வாசனை வருமே, அதை 1839-40 வாக்கில் பேசல் நகரத்து வேதியியலாளர் ஷோன்பைன் ஒரு தனிப் பொருள் என்று அடையாளம் கண்டு, 'மணப்பது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து ஓசோன் என்று பெயர் வைத்தார். அது மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தது என்று ஜெனீவாவின் சொரே நிறுவியது 1865இல். அதாவது, என்னவென்று முழுசாகத் தெரியும் முன்பே அதை அளக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அளந்த விதம் நமக்கெல்லாம் பழக்கமானது. பிளஸ் டூ லேபில் அயோடின் பட்டால் கஞ்சி நீலமாகும் என்று பார்த்திருப்போம். ஷோன்பைன் ஒரு காகிதத்தைக் கஞ்சியிலும் பொட்டாசியம் அயோடைடிலும் தோய்த்துக் காயவைத்தார். காற்றில் ஓசோன் இருந்தால் அயோடைடிலிருந்து அயோடினை விடுவிக்கும், அயோடின் கஞ்சியை நீலமாக்கும். நிறம் எவ்வளவு அடர்த்தி என்று ஒரு வண்ண அட்டையோடு ஒப்பிட்டு மதிப்பெண் போட வேண்டியதுதான். மலிவு, எளிது. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்க இந்தத் தாளைத் தொங்கவிட்டார்கள். ஓசோன் குறைந்த ஊரில்தான் காலரா பரவுகிறதா என்றுகூட மருத்துவர்கள் தேடினார்கள். கடற்கரைக் காற்றும் மலைக் காற்றும் உடம்புக்கு நல்லது, காரணம் ஓசோன் என்று ஒரு நம்பிக்கை பரவியது. மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் நோய்க்குப் பயந்து 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டிய அதே காலகட்டம்தான்.

பிரச்சினை என்னவென்றால், தாள் நீலமானால் அயோடைடு ஆக்சிஜனேற்றம் அடைந்தது என்று மட்டும்தான் அர்த்தம். ஓசோன்தான் செய்தது என்று அர்த்தம் இல்லை. நைட்ரஜன் டை ஆக்சைடும் செய்யும். காற்றில் ஈரப்பதம் மாறினால் அதே ஓசோனுக்கு வேறு நிறம் வரும். இன்னொரு பக்கம், நிலக்கரிப் புகையில் இருக்கும் சல்ஃபர் டை ஆக்சைடு வந்த அயோடினைத் திரும்ப அயோடைடாக மாற்றிவிடும். ஓசோன் இருந்தும் தாள் வெளுத்தே இருக்கும்.

பாரிஸின் மோன்சூரி ஆய்வகத்தில் 1870களிலிருந்து பல பத்தாண்டுகள் தாளை நம்பாமல் ஆர்சனைட் கரைசலுக்குள் காற்றைச் செலுத்தி நிதானமாக அளந்தார்கள். அந்தப் பழைய முறையை வோல்ஸ், கிளே என்ற இரு ஜெர்மன் விஞ்ஞானிகள் மறுபடி செய்து பார்த்து, சல்ஃபர் டை ஆக்சைடு என்ன விளையாட்டுக் காட்டியிருக்கும் என்றும் கணக்கிட்டு 1988இல் வெளியிட்டார்கள். அன்றைய தரைமட்ட ஓசோன் நூறு கோடிக்குப் பத்து பங்கு அளவில்தான் இருந்திருக்கிறது. இன்று ஐரோப்பாவில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நூறு வருஷம் கழித்தும் அந்த எண்களைப் பயன்படுத்த முடிந்ததற்குக் காரணம், எப்படி அளந்தோம் என்று அவர்கள் விவரமாக எழுதி வைத்திருந்ததுதான்.

தொடாமல் அளப்பது

வேதிப்பொருளால் தொட்டுப் பார்ப்பது ஒரு வழி. இன்னொரு வழி, ஒளியால் பார்ப்பது. சூரிய ஒளியில் சுமார் 300 நானோமீட்டருக்குக் கீழே இருக்கும் புற ஊதாக் கதிர் தரைக்கு வந்து சேர்வதில்லை. மேலே இருக்கும் ஓசோன்தான் அதை விழுங்குகிறது என்று 1881இல் ஹார்ட்லி சொன்னார். ஃபாப்ரி, புய்சோன் என்ற பிரெஞ்சுக்காரர்கள் 1913லும் 1920லும் அதை அளந்தார்கள். தலைக்கு மேலே இருக்கும் மொத்த ஓசோனையும் தரைமட்ட அழுத்தத்துக்கு இறக்கி, பூஜ்ய டிகிரியில் வைத்தால் அதன் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர். உயிர்களைக் காக்கும் குடையின் கனம் அவ்வளவுதான்!

ஆக்ஸ்போர்டின் டாப்சன் 1924 வாக்கில் இதற்கென்றே ஒரு நிறமாலைமானியை அமைத்தார். கண்ணுக்குத் தெரியும் ஒளி உள்ளே வந்து படத்தைக் கெடுக்காமல் இருக்க, குளோரின், புரோமின் வாயுக்களையே வடிகட்டியாக வைத்தார். புற ஊதா நிறமாலை புகைப்படத் தட்டில் பதியும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த தந்திரம் வருகிறது. ஒரே ஒரு அலைநீளத்தை அளந்தால் பயனில்லை. புகைமூட்டம் இருந்தாலும் ஒளி குறையும், லென்ஸில் தூசி இருந்தாலும் குறையும், ஓசோன் கூடினாலும் குறையும். எது என்று தெரியாது. அதனால் டாப்சன் ஜோடி ஜோடியாக அளந்தார். பிற்காலக் கருவியில் ஒரு ஜோடி 305.5, 325.4 நானோமீட்டர். முதலாவதை ஓசோன் நன்றாக விழுங்கும், இரண்டாவதைக் கொஞ்சம்தான். தூசியும் புகைமூட்டமும் இரண்டையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும். இரண்டுக்கும் விகிதம் எடுத்தால் தூசி அடிபட்டுப் போய் ஓசோன் மட்டும் மிஞ்சும். காய்கறிக் கடைத் தராசு மாதிரி யோசித்துப் பாருங்க. காற்று அடித்தால் இரண்டு தட்டும் சேர்ந்து ஆடும், ஆனால் எந்தப் பக்கம் கனம் என்பது மாறாது.

ஐரோப்பாவில் அளந்து முடித்ததும், உலகம் முழுக்க எப்படி இருக்கிறது என்று பார்க்க 1928இல் டாப்சன் கருவிகளை நாலா பக்கமும் அனுப்பினார். கலிஃபோர்னியாவின் டேபிள் மவுண்டன், எகிப்தின் ஹெல்வான், நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச், அப்புறம் நம்ம கொடைக்கானல். பதிவான தட்டுகளை ஆக்ஸ்போர்டுக்குத் திரும்ப அனுப்பி அங்கேதான் அளந்தார்கள்.

ஏன் கொடைக்கானல்? வரைபடத்தைப் பார்த்தால் புரியும். மற்ற மூன்றும் பூமத்திய ரேகையிலிருந்து 30 டிகிரிக்கு அருகிலோ அதற்கு அப்பாலோ இருக்கின்றன. 10 டிகிரியில், அசல் வெப்பமண்டலத்தில் இருந்தது கொடைக்கானல் மட்டும்தான். பழனி மலையில் 2,343 மீட்டர் உயரத்தில் சூரிய ஆய்வகம் ஏற்கெனவே இருந்தது. சென்னையிலிருந்து மேலே போய் 1899இல் தொடங்கிய ஆய்வகம் அது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909இல் எவர்ஷெட் கண்டுபிடித்தது அங்கேதான். 1928இல் இயக்குநர் தாமஸ் ராய்ட்ஸ். ஆல்ஃபா துகள் என்பது ஹீலியம்தான் என்று ரூதர்ஃபோர்டோடு சேர்ந்து நிறமாலை மூலம் நிரூபித்தவர். நிறமாலை வாசிக்கத் தெரிந்த ஆட்களும், சுத்தமான காற்றும், சரியான அட்சரேகையும் ஒரே இடத்தில். அன்றைக்கு ஆய்வகம் இந்திய வானிலைத் துறையின் கீழ் இருந்ததும் வசதியாகப் போச்சு.

கிடைத்த விடை யாரும் எதிர்பாராதது. ஓசோனை உண்டாக்குவது சூரியனின் புற ஊதா ஒளி. அப்படியென்றால் வெயில் கொளுத்தும் வெப்பமண்டலத்தில்தானே அதிகம் இருக்க வேண்டும்? கொடைக்கானல் தட்டுகள் தலைகீழாகச் சொல்லின. இங்கே ஓசோன் குறைவு, வருஷம் முழுக்க அதிகம் மாறுவதும் இல்லை. உயர் அட்சங்களில்தான் அதிகம், அதுவும் வசந்த காலத்தில் உச்சம். உண்டாகும் இடம் ஒன்று, சேரும் இடம் இன்னொன்று. மேல் வளிமண்டலத்தில் காற்று வெப்பமண்டலத்தில் எழும்பி, துருவங்களை நோக்கி நகர்ந்து, அங்கே இறங்குகிறது என்ற பிற்காலப் புரிதலுக்கு இந்த அளவீடுகள் அடித்தளம். இன்று அந்தச் சுற்றோட்டத்துக்கு டாப்சன் பெயரும் சேர்ந்தே இருக்கிறது.

விகிதம் எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் இல்லை. சல்ஃபர் டை ஆக்சைடு இங்கேயும் வருகிறது. அதுவும் அதே புற ஊதாப் பகுதியில், அலைநீளத்துக்கு அலைநீளம் வேறுபட்ட அளவில் ஒளியை விழுங்கும். புகை நிறைந்த நகரத்தில் டாப்சன் கருவி அதையும் சேர்த்து ஓசோன் என்று எண்ணிவிடும். கவனிச்சீங்களா? ஒரே வாயு அயோடைடு முறையில் ஓசோனைக் குறைத்துக் காட்டுகிறது, ஒளி முறையில் கூட்டிக் காட்டுகிறது. இரண்டு தட்டையும் சேர்த்து ஆட்டும் காற்றைத்தான் தராசு சமாளிக்கும். ஒரு தட்டில் மட்டும் ஈ உட்கார்ந்தால் தராசுக்கும் தெரியாது.

பலூனில் ஏறிய அயோடைடு

டாப்சன் கருவி மொத்த ஓசோனைச் சொல்லும், எந்த உயரத்தில் எவ்வளவு என்று நேரடியாகச் சொல்லாது. அதற்கு மேலே போய்த்தான் தொட்டுப் பார்க்க வேண்டும். அப்படிப் போனது அதே பழைய அயோடைடு.

இந்தியாவில் இதைச் செய்தவர் அன்னா மணி. 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். பழனி மலைக்குத் தெற்கே, அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல், பிறகு பெங்களூரில் சி.வி. ராமனிடம் வைரம், மாணிக்கக் கற்களின் ஒளி பற்றிய ஆய்வு. 1948இல் வானிலைத் துறையில் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்யவைத்தார். 1960களில் அவரும் ஸ்ரீதரனும் புணேயில் இந்திய ஓசோன்சோண்டை உருவாக்கினார்கள். பலூனில் கட்டிய ஒரு சின்ன மின்வேதிக் கலம், உள்ளே பொட்டாசியம் அயோடைடு கரைசல். காற்றை ஒரு பம்பு உள்ளே தள்ளும். ஒவ்வொரு ஓசோன் மூலக்கூறும் அயோடினை விடுவிக்க, அது மின்முனையில் திரும்ப அயோடைடு ஆகும்போது இரண்டு எலெக்ட்ரான் ஓடும். அந்த மைக்ரோஆம்பியர் மின்னோட்டத்தை ரேடியோவில் கீழே அனுப்பும். ஷோன்பைன் கண்ணால் பார்த்த நிறம் இங்கே எண்ணாகிவிட்டது.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்த படி. பலூன் தந்த எண்ணை அப்படியே நம்பவில்லை. பம்பு மேலே போகப் போகத் திணறும், கரைசல் வற்றும். அதனால் பலூன் காட்டிய ஓசோனை எல்லா உயரத்துக்கும் கூட்டி, அதே நாளில் தரையிலிருந்து டாப்சன் கருவி காட்டிய மொத்தத்தோடு ஒப்பிடுவார்கள். இரண்டும் ஓரளவு ஒத்துப்போனால் திருத்தக் காரணியால் பெருக்கிக்கொள்வார்கள். ரொம்பவே விலகினால் அந்தப் பறத்தலே சந்தேகத்துக்குரியது. தொடும் முறைக்கும் தொடாத முறைக்கும் பிழைகள் வேறு வேறு. அதனால்தான் ஒன்று இன்னொன்றுக்குச் சாட்சியாக முடிந்தது. 1957-58 சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டை ஒட்டி கொடைக்கானலிலும் டாப்சன் அளவீடு ஒழுங்காக நடக்கத் தொடங்கியிருந்தது. பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்த கே.ஆர். ராமநாதன் 1960களில் சர்வதேச ஓசோன் ஆணையத்துக்கே தலைவராக இருந்தார். அன்னா மணியும் அதில் உறுப்பினர். ஓசோன் ஆய்வில் இந்தியா பின்வரிசையில் உட்காரவில்லை.

செல்லுக்குள்ளே

வானத்திலிருந்து செல்லுக்கு எப்படி வருவது? ஓசோனே வழி காட்டும். தரைமட்ட ஓசோன் இலைத்துளை வழியாக உள்ளே நுழைந்தால், செல்சுவரின் ஈரத்தில் பட்டதும் சிதைந்து ஹைட்ரஜன் பெராக்சைடு, சூப்பர் ஆக்சைடு என்று ஆக்சிஜனின் மற்றத் துடுக்கான வடிவங்கள் பிறக்கும். இலையின் செல்களும் எதிர்வினையாகத் தாங்களே இவற்றைச் சுரக்கும். நம் உடம்பிலும் மைட்டோகாண்ட்ரியா மூச்சுவிடும்போது இவை கொஞ்சம் கொஞ்சம் வந்துகொண்டே இருக்கின்றன. ஆக்சிஜன் நஞ்சாவதற்கும் எக்ஸ்ரே கதிர் செல்லைக் கெடுப்பதற்கும் இவையே பொதுவான காரணம் என்று 1954இல் ரெபேக்கா கெர்ஷ்மன் சொன்னபோது பலரும் நம்பவில்லை. சூப்பர் ஆக்சைடை அழிப்பதற்கென்றே செல்லில் ஒரு நொதி இருக்கிறது என்று மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் 1969இல் காட்டியபிறகுதான் விஷயம் சூடுபிடித்தது.

இவற்றைச் செல்லுக்குள் பார்க்க, நம்ம கஞ்சித் தாளின் பேரப்பிள்ளைகள் வந்தன. ஒன்று என்.பி.டி. என்ற மஞ்சள் சாயம். கிருமியை விழுங்கிய வெள்ளணு சூப்பர் ஆக்சைடைக் கக்கும்போது சாயம் கருநீலத் துகளாக மாறும். அப்படிச் சூப்பர் ஆக்சைடு சுரக்கவே முடியாத பிறவி நோய் ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு அடிக்கடி கடுமையான தொற்று வரும், உயிருக்கே ஆபத்து. பேனர், நேதன் இருவரும் 1968இல் இந்தச் சாயத்தை அந்த நோய்க்கான சோதனையாக்கினார்கள். நீலம் வந்தால் இயந்திரம் ஓடுகிறது, வராவிட்டால் ஓடவில்லை.

இரண்டாவது, அக்கா மகள் பயன்படுத்திய டி.சி.எஃப். கெஸ்டனும் பிராண்டும் 1965இல் கொண்டுவந்தது சோதனைக்குழாயில் ஹைட்ரஜன் பெராக்சைடை அளக்க. அதைச் செல்லுக்குள் போகும்படி மூடி மாட்டி, 1980களில் வெள்ளணுக்களில் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். உள்ளே போனதும் செல்லின் நொதி மூடியை வெட்டும், ஒளிராத சாயம் உள்ளே மாட்டிக்கொள்ளும், ஆக்சிஜனேற்றம் அடைந்தால் பச்சையாக ஒளிரும். மலிவு, எளிது. உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஷோன்பைன் தாள் பரவிய அதே காரணம்.

சங்கடமும் அதே சங்கடம்தான். இந்தச் சாயம் ஹைட்ரஜன் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவதே இல்லை என்று சொல்லலாம். நடுவில் பெராக்சிடேஸ் நொதியோ இரும்போ வேண்டும். செல் சாகும்போது மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து கசியும் சைட்டோகுரோம் சி-யும் அந்த வேலையைச் செய்யும். பெராக்சைடு கூடாமலே ஒளி கூடும். அதைவிட மோசம், ஆக்சிஜனேற்றத்தின் பாதி வழியில் சாயமே ஒரு ராடிக்கலாகி, பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்கு எலெக்ட்ரானைக் கொடுத்து சூப்பர் ஆக்சைடை உண்டாக்கும். அது பெராக்சைடாகும். அளக்க வந்தவனே அளக்க வேண்டியதை உற்பத்தி செய்கிறான்! வெளிச்சம் பட்டாலும் சாயம் தானாக ஒளிரும். என் லாக் வரிக் கதையும், அந்தக் காலிக் குழியும் நினைவுக்கு வருதா?

மூன்றாவது, சூப்பர் ஆக்சைடுக்கென்று வந்த சிவப்பு ஒளிர்வுச் சாயம், ஹைட்ரோஎத்திடின். சிவப்பு தெரிந்தால் சூப்பர் ஆக்சைடு என்று வருஷக்கணக்காக எழுதினார்கள். விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் பாலராமன் கல்யாணராமன் குழு 2003 முதல் அதைப் பிரித்துப் பார்த்தது. சூப்பர் ஆக்சைடு பட்டால் வருவது ஒரு தனிப் பொருள். மற்ற ஆக்சிஜனேற்றத்தில் வருவது எத்திடியம். இரண்டும் சிவப்பு. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது, குரோமட்டோகிராஃபியில் ஓட்டிப் பிரித்தால்தான் தெரியும்.

"அதனால என்ன, கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்"னு விட்டுவிடலாமா? ஆஸ்பத்திரிக்கு வருவோம். என்.பி.டி.க்குப் பதிலாக இப்போது பரவலாக இருப்பது டி.எச்.ஆர். என்ற ஒளிரும் சாயம். வெள்ளணுவில் அது நன்றாக ஒளிர மையலோபெராக்சிடேஸ் என்ற நொதியும் வேண்டும். சிலருக்கு அந்த நொதி பிறவியிலேயே குறைவு. பெரும்பாலும் தொந்தரவு இல்லாத குறைபாடு அது. ஆனால் சோதனையில் அவர்களின் வெள்ளணுவும் சரியாக ஒளிராது. பார்ப்பவர் கவனிக்காவிட்டால், உயிருக்கு ஆபத்தான அந்த இன்னொரு நோய் என்று சீட்டு எழுதப்படலாம். வாழ்நாள் முழுக்க மருந்து, எலும்பு மஜ்ஜை மாற்று என்று பேசும் நோய் அது. 'ஒளிரவில்லை' என்பதும் 'சூப்பர் ஆக்சைடு இல்லை' என்பதும் ஒன்றல்ல என்பது இங்கே ஒரு குடும்பத்தின் தலையெழுத்து. அதனால்தான் நல்ல ஆய்வகங்கள் சந்தேகம் வந்தால் சூப்பர் ஆக்சைடை வேறு முறையிலும் பார்க்கிறார்கள், மரபணுவையும் பார்க்கிறார்கள்.

மறுபடியும் இரண்டு அலைநீளம்

2004 வாக்கில் கதை திரும்பியது. சாயம் ஊற்றுவதற்குப் பதில் செல்லையே காட்டியைச் செய்யவைத்தார்கள். ஜெல்லிமீனின் பச்சைப் புரதத்தில் இரண்டு கந்தக முனைகளைப் பொருத்தினால், ஆக்சிஜனேற்றம் ஆகும்போது அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், புரதம் ஒளியை விழுங்கும் விதமும் மாறும். இதன் பெயர் ரோ-ஜி.எஃப்.பி. இதை 405 நானோமீட்டரில் ஒருமுறை, 488இல் ஒருமுறை ஒளியூட்டி விகிதம் எடுக்கிறார்கள். செல்லில் புரதம் அதிகம் இருந்தாலும் குறைவாக இருந்தாலும், செல் தடிமனாக இருந்தாலும் மெலிதாக இருந்தாலும் விகிதத்தில் அடிபட்டுப் போகும்.

படித்ததும் எழுந்து நின்றுவிட்டேன். இது அப்படியே டாப்சன்! 1928இல் கொடைக்கானல் மலையில் வைத்த அதே தராசை ஒரு செல்லுக்குள் வைத்திருக்கிறார்கள்.

தராசில் ஈ உட்காரும் கதையும் கூடவே வந்தது. 2006இல் மாஸ்கோவில் பெராக்சைடுக்கென்றே செய்த ஹைப்பர் என்ற புரதமும் விகிதக் காட்டிதான், 420க்கும் 500க்கும். ஆனால் செல்லின் அமிலத்தன்மை மாறினாலும் அதன் விகிதம் மாறும். அதற்கு அவர்கள் கண்ட வழி அழகானது. அதே புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினால், பெராக்சைடு அதற்குத் தெரியாது, அமிலம் மட்டும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தால், எது பெராக்சைடு எது அமிலம் என்று பிரித்துவிடலாம். நாங்கள் டெஸ்டிங்கில் செய்வதும் இதுதான். சந்தேகப்படும் ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு மீதியை அப்படியே ஓட்டுவது.

2022இல் இந்தத் துறையின் பெரிய ஆட்கள் பலர் சேர்ந்து, மைக்கேல் மர்ஃபி முதல் பெயராக, அளவீட்டு வழிமுறைகளை வெளியிட்டார்கள். 'ஃப்ரீ ராடிக்கல் கூடியது' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள், எந்த மூலக்கூறு என்று சொல்லுங்கள். காட்டி எதோடு வினைபுரிகிறது என்று தெரிந்து பயன்படுத்துங்கள். கட்டுப்பாட்டுச் சோதனை வையுங்கள். ஒரே முறையை நம்பாதீர்கள். சாரம் இதுதான். பலூனை டாப்சனோடு ஒப்பிட்டவர்களுக்கு இதில் புதுசாக எதுவும் இருந்திருக்காது.

நம்ம ஊருக்கு இது ரொம்பவே தேவை. பழனி மலை மூலிகைகள் உட்பட எத்தனையோ செடிகளின் சாற்றுக்கு 'ஆன்டிஆக்சிடன்ட் திறன்' என்று கட்டுரைகள் வருகின்றன. பெரும்பாலும் டி.பி.பி.எச். என்ற ஊதாக் கரைசல் வெளுப்பதை வைத்துத்தான். அந்த ராடிக்கல் எந்த உயிரினத்தின் உடம்பிலும் கிடையாது. கரைசல் வெளுத்தால் சாறு ஓர் எலெக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ கொடுத்தது என்று அர்த்தம், அவ்வளவே. எலுமிச்சைச் சாறும் வெளுக்கவைக்கும், டீத்தண்ணியும் வெளுக்கவைக்கும். அதிலிருந்து 'செல்லைக் காக்கும்' என்று தாவுவதற்கும், நீலத் தாளைப் பார்த்துக் காலராவுக்குக் காரணம் சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. மூலிகையைக் குறை சொல்லவில்லை. நல்ல மூலிகைக்கு நல்ல சோதனை கிடைக்க வேண்டாமா?

அக்கா மகளிடம் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசினேன். பாவம், பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் மூன்று விஷயம் செய்தாள். தட்டை அலுமினியத் தாளில் சுற்றி வெளிச்சம் படாமல் வைத்தாள். செல் இல்லாமல் சாறும் சாயமும் மட்டும் ஊற்றிய குழிகளைச் சேர்த்தாள். வெளியே இருக்கும் பெராக்சைடை அழிக்கும் கேட்டலேஸ் நொதியை ஊற்றி ஒரு வரிசை வைத்தாள்.

காலிக் குழியின் ஒளி பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. அவளுடைய சாறு, செல்லே இல்லாமலும் சாயத்தின் ஒளியைக் குறைத்தது. அதாவது முதல் கிராஃபில் பார்த்த 'பாதுகாப்பில்' ஒரு பங்கு, செல்லுக்குள் நடந்ததே இல்லை. கேட்டலேஸ் வரிசை கொஞ்சம்தான் மாறியது. மிச்சம் இருக்கும் வித்தியாசம் சின்னது, ஆனால் திரும்பத் திரும்ப வருகிறது. அதை அப்படியே எழுதியிருக்கிறாள். "கிராஃப் முன்ன மாதிரி அழகா இல்ல மாமா"ன்னு ஒரு வருத்தம் மட்டும்.

மே மாசம் குடும்பத்தோடு கொடைக்கானல் போனபோது அவளும் வந்தாள். பிள்ளைகள் படகுக்கும் சாக்லேட்டுக்கும் அடம்பிடிக்க, நாங்கள் இருவரும் ஆய்வகத்துக்கு ஏறினோம். பார்வையாளர் அரங்கில் சூரிய நிறமாலையைத் திரையில் விழவைத்திருந்தார்கள். ஊதாப் பக்கம் எங்கே முடிகிறது என்று அவள் கிட்டே போய்ப் பார்த்துக்கொண்டே நின்றாள். வெளியே வந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது. அடுத்த பதிவில் அன்னா மணியின் சூரியக் கதிர்வீச்சு அளவீடுகள் பற்றி எழுதலாம் என்று இருக்கிறேன்.